இல்லாதவர்கள் ஏறி வந்த வேன்

பள்ளிச் சுற்றுலா போய்விட்டு வந்த மகள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, "அம்மா, நாம எல்லாரும் செத்துட்டோமாம்" என்றாள்.

கரண்டக்கா அப்போது ஸ்டூல் மேல் ஏறி நின்று வீட்டு மின்விசிறிக்குக் கண்டென்சர் மாற்றிக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் ஒயரிங் செய்கிறவளின் வீட்டு விசிறி மட்டும் பல மாதமாக ஆமை வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் அதற்கு விடிவுகாலம் பிறந்திருந்தது. தெருவில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஃபியூஸ் போனாலும், மோட்டார் மக்கர் பண்ணினாலும், "கரண்டக்காவைக் கூப்பிடு" என்பார்கள். அவளும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

"யாருடி செத்தது? என்ன உளர்ற?" என்று கேட்டபடி கீழே இறங்கினாள்.

மகளுக்கு வீட்டில் சிட்டு என்று பெயர். சாதாரணமாக வாய் ஓயாத பிள்ளை. அன்று அவளிடமிருந்து ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்க வேண்டியிருந்தது. பழங்குடி மக்களின் அருங்காட்சியகத்துக்கு வகுப்பையே கூட்டிப் போயிருக்கிறார்கள். மாடியில் கடைசிக் கூடத்தின் சுவரில், தங்கள் ஜனங்களின் பெயர் பெரிய எழுத்தில் எழுதியிருப்பதைப் பார்த்ததும் இவளுக்குத் தலைகால் புரியவில்லை. கையைத் தூக்கி, "இது நாங்கதான்!" என்று கத்திவிட்டாள். சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த வழிகாட்டி சிரித்திருக்கிறான். "இல்லம்மா, அவங்கள்ல யாருமே இப்ப உயிரோட இல்ல. நீ வேற யாரையோ நினைச்சுக்கிட்டு சொல்ற" என்றிருக்கிறான்.

அவ்வளவுதான். திரும்பி வரும்போது பஸ் முழுக்க 'பேய், பேய்' என்று ஒரே கூத்து. ஒருத்தி 'பொய்க்காரி' என்றும் சொல்லிவிட்டாள்.

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"தெரியாம சொல்லிட்டா, விடுங்கடான்னாங்க." அதைச் சொல்லும்போதுதான் சிட்டுவின் உதடு துடித்தது. "தெரிஞ்சுதான்மா சொன்னேன்."

கரண்டக்காவின் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர். வேறு ஜனம், ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவர். தண்ணீர் கேன் இறக்கிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டார். "அப்போ இத்தனை வருஷமா நான் பேயோடதான் குடித்தனம் நடத்துறேனா?"

"அதுல உங்களுக்கு என்னிக்குங்க சந்தேகம் வந்துச்சு?" என்றாள் கரண்டக்கா.

சிட்டு அழுகைக்கு நடுவில் களுக்கென்று சிரித்துவிட்டாள். ஆனால் அன்று இரண்டு வாய்க்கு மேல் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்ட மகளின் முதுகைக் கரண்டக்கா சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு போனை எடுத்துச் சித்தப்பாவைக் கூப்பிட்டாள்.

சித்தப்பா காய்கறி மண்டியில் எடை போடுகிறவர். மண்டி இரைச்சலில் பேசிப் பேசி, பக்கத்தில் இருப்பவரிடமும் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். "நான் செத்துட்டேனா? எப்போ? எனக்கு யாருமே சொல்லலையே!" என்று அவர் அலறியது போனுக்கு வெளியே தெளிவாகக் கேட்டது.

"வர்ற ஞாயித்துக்கிழமை லீவு போடுங்க சித்தப்பா. எல்லாரும் போறோம்."

"எல்லாரும்னா?"

"யார் யாரு உயிரோட இருக்காங்களோ, அவங்க எல்லாரும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் கேன்களை வீட்டில் அடுக்கிவிட்டு, வேனைக் கழுவித் தயார் செய்தார் வீட்டுக்காரர். சித்தப்பா மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தார். அவருடைய அக்கா, கரண்டக்காவுக்கு அத்தை, துணிமணியெல்லாம் புதிதாக உடுத்தி வந்து முன்சீட்டைப் பிடித்துக்கொண்டாள். கரண்டக்காவின் தங்கச்சிக்கு நிறைமாதம். "நீ எதுக்குடி இந்த நிலைமையில?" என்று கேட்டதற்கு, "வயித்துல இருக்கிறதையும் சேர்த்துல்ல இல்லன்னு சொல்லியிருக்காங்க! விட்டுடுவேனா?" என்று ஏறி உட்கார்ந்தாள். சித்தப்பா பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள் என்று வேன் பிதுங்கியது. சிட்டு மட்டும் வரமாட்டேன் என்றாள். "அந்த அண்ணன் மறுபடியும் சிரிப்பாரு" என்று தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சிரிக்கட்டும். நாமளும் சேர்ந்து சிரிக்கலாம்" என்று அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள் கரண்டக்கா.

அருங்காட்சியக வாசலில் அந்தக் கூட்டம் இறங்குவதைப் பார்த்துக் காவலாளி மிரண்டுவிட்டான். "கல்யாண மண்டபம் அடுத்த தெருங்க" என்று கை காட்டினான்.

"மாப்பிள்ளை வீடு இதுதான்ப்பா" என்று சொல்லி, அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார் சித்தப்பா.

சண்டை போடவென்றே வந்த கரண்டக்காவுக்கு அந்த இடம் பிடித்துப்போனதுதான் வேடிக்கை. கீழ்க்கூடங்களை அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் மர முகமூடிகள், நீளமான மத்தளம், பாசிமணி மாலைகள். ஒவ்வொன்றின் மேலும் வெளிச்சம் கண்ணைக் குத்தாமல் பதமாக விழுந்தது. ஒயர் ஓட்டிய விதத்தைப் பார்த்தாள். ஒரு இடத்தில்கூட நூல் பிசகவில்லை. இத்தனை அக்கறையாக ஒருத்தர் இதையெல்லாம் வைத்திருக்கிறாரே என்று நினைத்தபோது, வாய்க்குள் தயாராக வைத்திருந்த கோபம் கொஞ்சம் தண்ணீர் பட்டது போலாயிற்று.

சித்தப்பா ஒரு மீன்கூண்டின் முன்னால் குனிந்தவர் நிமிரவேயில்லை. "உள்ள போற மீனு வெளிய வர முடியாது பாரு. கெட்டிக்காரனுங்க!" என்று வேறு ஜனங்களின் சாமர்த்தியத்தைக் கூடம் முழுக்கக் கேட்கும்படி புகழ்ந்தார். அத்தை கனத்த வெண்கலத் தண்டையைப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கிட்டு எப்படிடி ஓடியிருப்பாளுங்க?" என்று தன் கணுக்காலைத் தடவிக்கொண்டாள்.

மாடிப்படி ஏறும்போது சிட்டு அம்மாவின் விரலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கடைசிக் கூடத்தில் உச்சியிலிருந்து தரைவரைக்கும் காட்டுக்கொடியில் பின்னிய ஒரு ஏணி தொங்கியது. அதில் பாதியில் ஒரு களிமண் மனிதன், தோளில் கூடையும் கையில் புகைப்பந்தமுமாகத் தேனடைக்கு ஏறிக்கொண்டிருந்தான். சுவரில் பழைய புகைப்படங்கள். அத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவள் ஒன்றின் முன்னால் நின்றாள். ஒரு பெண், அவள் இடுப்பில் ஒரு குழந்தை. குழந்தையின் காது இரண்டும் முறம் மாதிரி விரிந்திருந்தன.

"டேய் தம்பி, இங்க வா. இது நீதான்டா!"

சித்தப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "சும்மா இருக்கா. நான் இவ்வளவு அசிங்கமாவா இருந்தேன்?"

"இருந்தியாவா? இப்ப மட்டும் என்ன வாழுது? அந்தக் காதைப் பாரு."

பிள்ளைகள் ஒருத்தர் காதை ஒருத்தர் பிடித்துப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், கதவுப் பக்கம் இருந்த பலகை சித்தப்பாவின் கண்ணில் பட்டது. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. "என்னடா போட்டிருக்கு? சத்தமா படி" என்றாள்.

அவர் படித்தார். "மலையில் தேன் எடுத்து வாழ்ந்த இம்மக்களில் இன்று எவரும் உயிருடன் இல்லை. இவர்களது மொழியும் இவர்களோடு..." மண்டியையே அதிர வைக்கிற அந்தக் குரல் அந்த இடத்தில் அப்படியே நின்றுபோயிற்று. போனில் கேட்டபோது கேலியாக இருந்தது. இரும்புப் பலகையில் எழுத்தெழுத்தாகப் பார்க்கும்போது வேறு மாதிரி இருந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டார். தங்கச்சி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வழிகாட்டி ஒரு கூட்டத்தோடு உள்ளே வந்தான். சின்ன வயது, நல்ல குரல். ஏணியைக் காட்டினான், கூடையைக் காட்டினான், கடைசியில் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு, "ஆனா இன்னிக்கு இவங்கள்ல ஒருத்தர்கூட உயிரோட இல்ல" என்றான். சிட்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள்.

கரண்டக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கினாள்.

"சொல்லுங்கக்கா."

"ஒரு சந்தேகம் தம்பி. நாங்க காலையில சாப்பிட்டுட்டுத்தான் வந்தோம். உயிரோட இல்லாதவங்களுக்குப் பசிக்குமா?"

அவன் விழித்தான். சித்தப்பா ஒரு அடி முன்னால் வந்தார். "நீ சொல்ற ஜனம் நாங்கதான்ப்பா. நான், எங்கக்கா, இதோ நிக்கிற எல்லாரும். எங்க காலனிக்கு வந்தா இன்னும் நிறைய பேர் இருக்காங்க. ஒருத்தன் என்கிட்ட கடன் வாங்கிட்டு ஓடிட்டான், அவன் மட்டும்தான் இப்போதைக்கு இல்ல."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். வழிகாட்டி முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த முகத்தைக் கவனித்துவிட்டான். "நீ அன்னிக்கு ஸ்கூல்ல இருந்து வந்த பாப்பாதானே?" என்று தடுமாறினான். "அக்கா, எனக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் நான் சொல்றேன்."

சுற்றிப் பார்க்க வந்த கூட்டத்திலிருந்து டை கட்டிய ஒரு பெரிய மனிதர் குறுக்கே வந்தார். "யார் வேணாலும் வந்து நாங்கதான்னு சொல்லலாம். ஆதாரம் வேணாமா?"

"நான் முழுசா நிக்கிறேனேய்யா! இதுக்கு மேல என்ன ஆதாரம்?" என்று எகிறினார் சித்தப்பா.

சண்டை முற்றிவிடக்கூடாதே என்று பயந்த வழிகாட்டி, சுவரில் கைக்கு எட்டிய பொத்தானை அழுத்திவிட்டான். "இது... இது அந்த மக்கள் பாடின பாட்டு. முன்னாடி யாரோ மலைக்குப் போய்ப் பதிவு பண்ணினது. வனதெய்வத்தை வேண்டிப் பாடறதா இருக்கலாம். அர்த்தம் யாருக்கும் தெரியாது" என்றான்.

சுவருக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு பெண்குரல் எழுந்தது. நீட்டி நிதானமாக ஒரு பாட்டு. வழிகாட்டியோடு வந்தவர்கள் பயபக்தியோடு தலையைக் குனிந்துகொண்டார்கள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், பாவம், அழுகிறாள் என்று நினைத்துக் கைக்குட்டையை நீட்டினாள். அவ்வளவுதான், அத்தை வெடித்துச் சிரித்துவிட்டாள். அடுத்து தங்கச்சி. பிறகு சித்தப்பா. பிள்ளைகளெல்லாம் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஏனென்றால் அது எந்தத் தெய்வத்துக்கும் பாடுகிற பாட்டு அல்ல. தேனடையில் கை வைக்கும் முன் தேனீக்களைக் கிளப்புவதற்குப் பாடுவது. 'எழுந்திரு சோம்பேறி, எழுந்திரு. உன் மாமியார் வாசலுக்கு வந்துவிட்டாள். பாய்கூடச் சுருட்டவில்லையே நீ, அவள் முகத்தில் எப்படி விழிப்பாய்?' கரண்டக்கா வீட்டில் தேனீ கிடையாது. பள்ளிக்கூட நாட்களில் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிற சிட்டுவைக் கிளப்பத்தான் தினமும் அந்தப் பாட்டு. அதைக் கேட்டாலே பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாட்டு பாதியில் பட்டென்று நின்றது. "பதிவு இவ்வளவுதான் கிடைச்சுது. மிச்சம் இல்ல" என்றான் வழிகாட்டி.

பிறகு கரண்டக்காவின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக்குரல், விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு பாடியது.

யாரும் பாடச் சொல்லவில்லை. பாதியில் நிற்கிற பாட்டு அந்தப் பிள்ளைக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். முதல் வரி தயங்கித் தயங்கி வந்தது. இரண்டாவது வரியில் அவள் அம்மாவின் பின்னாலிருந்து வெளியே வந்தாள். மூன்றாவதில் கண்ணை நேராக வைத்துக்கொண்டு, மாமியார் இடுப்பில் கை வைத்து நிற்கிற மாதிரி நடித்துக் காட்டினாள். அத்தை சேர்ந்துகொண்டாள், தங்கச்சி சேர்ந்துகொண்டாள். கடைசியில் 'கிளம்பு கிளம்பு' என்று வருகிற இடத்தில், வேனில் வந்த அத்தனை பேரும் கை தட்டிப் பாட, கண்ணாடிப் பெட்டிகள் அதிர்ந்தன. கரண்டக்கா மட்டும் பாடவில்லை; மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்ததும் சிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே வரிவரியாக அர்த்தம் சொன்னாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. டை கட்டியவர், "அந்த மாமியார் வர்ற இடத்தை இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார்.

சத்தம் கேட்டு அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் அம்மா மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடிவந்தாள். வழிகாட்டி அவசர அவசரமாக எல்லாவற்றையும் சொன்னான். அவள் நேராகச் சிட்டுவின் முன்னால் போய் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "நீ அன்னிக்குச் சொன்னது நிஜம். நாங்கதான் கேட்டுக்கல. மன்னிச்சுக்கோம்மா" என்றாள்.

சிட்டு அம்மாவைப் பார்த்தாள். பிறகு, "பரவாயில்ல" என்றாள், கொஞ்சம் பெரிய மனுஷித் தோரணையோடு.

"யாரு எங்களைச் செத்துட்டோம்னு எழுதினது?" என்று கேட்டாள் கரண்டக்கா.

"உள்ள யாரும் குடியிருக்கக் கூடாதுன்னு காட்டை அடைச்சப்புறம் மலைக்குப் போனவங்க காலிக் குடிசைங்களைத்தான் பார்த்திருக்காங்க. அதை வச்சு எழுதிட்டாங்க. எங்க போனாங்கன்னு யாரும் தேடல."

"வீடு மாத்திட்டோம், வேற ஒண்ணும் இல்ல" என்றாள் கரண்டக்கா. "இப்ப இந்தப் பலகையை என்ன பண்றது?"

பொறுப்பாளர் அம்மா தயங்கினாள். புதிதாக எழுத மேலிடத்தில் கேட்க வேண்டும், குழு கூட வேண்டும், சில மாதங்கள் ஆகலாம் என்றாள்.

"மேடம், நாளைக்கு என் பொண்ணு ஸ்கூலுக்குப் போகணும். அவளைப் பொய்க்காரின்னு கூப்பிடறதுக்குக் குழு எதுவும் கூடல. ஒரு பஸ்ஸுக்குள்ளயே முடிவு பண்ணிட்டாங்க."

அந்த அம்மா பலகையைப் பார்த்தாள்; தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தாள்; தங்கச்சியின் வயிற்றைப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, "புதுசா எழுதத்தான் அனுமதி வேணும்" என்று மெதுவாகச் சொன்னாள். "தப்பா இருக்கிறதைக் கழட்ட நான் ஒருத்தி போதும். யாராவது கேட்டா பதில் சொல்லிக்கிறேன். ஆனா கழட்டற ஆளு இன்னிக்கு லீவு."

"ஏங்க!" என்று கரண்டக்கா கூப்பிட்ட தொனியிலேயே வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. வேனிலிருந்து அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பறந்து வந்தார்.

ஸ்டூல் வந்தது. கரண்டக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். மேல் திருகுகள் இரண்டும் வெண்ணெயில் செருகின மாதிரி வந்துவிட்டன. கீழே ஒன்று துருப்பிடித்து அசையவே மாட்டேன் என்றது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். ஸ்க்ரூடிரைவரின் மேல் உடம்புப் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தித் திருப்பினாள். "விடாதே, விடாதே!" என்று கத்தியது யாரென்று திரும்பிப் பார்த்தால், டை கட்டியவர். கிரீச்சென்ற சத்தத்தோடு திருகு அசைந்தது. பலகை ஒரு பக்கம் சாய, வழிகாட்டி ஓடிவந்து தாங்கிக்கொண்டான். கூடம் முழுக்கக் கைதட்டல். அத்தை அந்தக் காலத்து வழக்கப்படி நாக்கை மடித்து ஒரு சீழ்க்கை அடித்தாள் பாருங்கள், கீழே இருந்த காவலாளி தீ விபத்து என்று நினைத்து மேலே ஓடிவந்துவிட்டான்.

காலிச் சுவர் பார்க்க நன்றாக இல்லை. "இங்க உங்க படம் ஒண்ணு வைக்கட்டுமா? இப்பவே எடுத்துடலாம்" என்றாள் பொறுப்பாளர் அம்மா. சித்தப்பா சீப்பைத் தேடினார். எல்லோரும் ஏணிக்குக் கீழே நெருக்கியடித்து நின்றார்கள். காவலாளியும் ஓரமாக வந்து நின்றுகொள்ளப் பார்த்தான். அத்தை அவனைச் செல்லமாகத் தள்ளிவிட்டாள். முதல் படத்தில் சித்தப்பா கண்ணை மூடிவிட்டார். "இதை மாட்டினா அந்தப் பலகையே தேவலாம்னு ஆயிடும். இன்னொண்ணு எடுங்க" என்றாள் தங்கச்சி.

அடுத்த வாரம் பொறுப்பாளர் அம்மாவே பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு வகுப்பை மறுபடியும் வரச்சொன்னாள். ஒரு வீட்டில் மோட்டார் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, கையில் கிரீஸோடு ஓடிவந்த கரண்டக்கா கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றாள். டீச்சர் அவளைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து, "அன்னிக்கு நான் அவ பக்கம் பேசியிருக்கணும்" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். கரண்டக்கா சரி என்பது போல் தலையசைத்தாள்.

முன்னால் வழிகாட்டி நகர்ந்து இடம் விட, சிட்டு நின்று பேசிக்கொண்டிருந்தாள். தயங்கவே இல்லை. எது எதற்கு, யார் காது யாருக்கு வந்தது, எல்லாம் சொன்னாள். பொய்க்காரி என்று சொன்ன பெண் முதல் வரிசையில் உட்கார்ந்து, "நீ இந்த ஏணியில ஏறுவியா?" என்று கேட்டாள்.

"ஐயோ, மாட்டேன். எனக்கு உயரம்னாலே பயம். எங்கம்மா ஏறுவாங்க."

அத்தனை தலைகளும் பின்னால் திரும்பின. கரண்டக்கா கிரீஸ் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"உங்க பாஷையில ஏதாவது சொல்லிக் கொடு!" என்றான் ஒருவன். சிட்டு யோசித்தாள். பிறகு அவர்களை அருகில் வரச்சொல்லி, குனிந்து ஏதோ ஒரு வார்த்தையைக் கிசுகிசுத்தாள். மறுநிமிடம் வகுப்பு மொத்தமும் அந்த வார்த்தையை ஒரே குரலில் கூரை பிய்ந்துபோகிற மாதிரிக் கத்தியது. வழிகாட்டியும் சேர்ந்து கத்தினான்.

கரண்டக்காவுக்கு வெலவெலத்துவிட்டது. வேலையில் ஷாக் அடிக்கும்போது அவள் வாயிலிருந்து தன்னையறியாமல் வருகிற வார்த்தை அது.

"ரொம்ப நல்லா இருக்கே. அப்படின்னா என்னங்க அர்த்தம்?" என்று ஆசையாகக் கேட்டாள் டீச்சர்.

கரண்டக்கா மகளைப் பார்த்தாள். மகள் ஒன்றும் தெரியாதவள் போல் ஏணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் நூறு வருஷம் நல்லா இருங்கன்னு அர்த்தம் டீச்சர்" என்றாள் கரண்டக்கா.